ஐந்து கிலோ லெஸ் போலுக்குப் பதிலாக மூன்று கிலோ கிற்றார் தேடுவது எப்படி

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் போல் கஸ்டம் மின்கிற்றார். கறுப்பு நிறம். பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்களில் முலாம் பாதி தேய்ந்துவிட்டது. தராசில் தொங்கவிட்டால் ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைவு. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வாங்கியது. அந்த நாளில் எழுபதுகளின் கிப்சனை 'விண்டேஜ்' என்று யாரும் சொல்லவில்லை. பழசு என்றுதான் சொன்னார்கள், விலையும் பழசுக்குரிய விலைதான். இன்றைக்கு அதே கிற்றாருக்குப் பல ஆயிரம் டொலர் கேட்கிறார்கள்.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் நாலு மணித்தியாலம் நின்று வாசிக்கிறவனுக்கு அது இப்போது ஒத்துவரவில்லை. முதலில் இடது தோள் நோ, பிறகு நாரி. என் வயதுக் கிற்றார்க்காரர் வேறு சிலருக்கும் இதே கதைதான். "சத்தம் அதே மாதிரி வேணும், பாரம் குறைய வேணும், ஆயிரம் டொலருக்கு மேலே போகக்கூடாது. என்ன வாங்கலாம் அண்ணை?" என்று கேட்கிறார்கள். ஒரு மொடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் என் தோளுக்கும் கைக்கும் சரிவருவது இன்னொருவருக்குச் சரிவரும் என்றில்லை. அதனால் தேடுகிற ஒழுங்கையே எழுதுகிறேன்.

காசு செலவழிக்க முதல் இரண்டு சில்லறை வேலை இருக்கிறது. உங்கள் தோள்வார் இரண்டு அங்குல நைலோன் பட்டி என்றால், நாலு அங்குல அகலமான தோல் வார் ஒன்றைப் போட்டு இரண்டு நிகழ்ச்சி வாசித்துப் பாருங்கள். அதே பாரம் கூடிய பரப்பில் பரவும்போது தோள் தாங்குகிற நேரம் நன்றாகக் கூடும். அடுத்தது பெட்டி. லெஸ் போலுக்கென்று செய்த கடினப் பெட்டியே நாலு, நாலரைக் கிலோ வரும். பனிக்காலத்தில் வாகனத் தரிப்பிடத்திலிருந்து மேடைவரை தூக்குவது கிற்றாரை அல்ல, கிற்றாரையும் பெட்டியையும் சேர்த்து ஒன்பது, பத்துக் கிலோவை. தடித்த பஞ்சு வைத்த, முதுகில் மாட்டுகிற பைக்கு மாறினால் அதில் பெரும் பங்கு குறையும். இவை இரண்டும் போதுமென்று ஆகிவிட்டால் புதுக் கிற்றாரே தேவையில்லை, காசும் மிச்சம்.

போதாது என்கிறவர்கள் மேலே வாசியுங்கள்.

எதனால் இவ்வளவு பாரம்

லெஸ் போல் 1952இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் பிறந்தது. தடித்த மஹோகனி உடல், அதன் மேல் வளைத்துச் செதுக்கிய மேப்பிள் பலகை. ஐம்பதுகளில் கிடைத்த மஹோகனி நல்ல இலேசான மரம். அதனால் அந்தக் காலத்துக் கிற்றார்கள் பல நாலு கிலோ அளவில் நின்றன. 1958 முதல் 1960 வரை வந்த சிவப்பு மஞ்சள் 'சன்பேர்ஸ்ட்' லெஸ் போல் இரண்டாயிரத்துக்கும் குறைவுதான். இன்று அவை இலட்சக்கணக்கான அமெரிக்க டொலருக்குக் கைமாறுகின்றன. இலேசான பழைய லெஸ் போல் வேண்டும் என்று தேடத் தொடங்கினால் அந்தப் பாதை போய் முடிகிற இடம் அதுதான்.

எழுபதுகளின் கதை வேறு. 1969 தொடக்கம் சில வருடங்கள் இரண்டு மஹோகனிப் பலகைகளுக்கு நடுவில் மெல்லிய மேப்பிள் தாளை வைத்து ஒட்டி உடல் செய்தார்கள். எழுபதுகளின் நடுவில் கழுத்தும் மூன்று துண்டு மேப்பிளாக மாறியது. மஹோகனியும் முந்தியதைவிடப் பாரமானது. கூட்டிப் பார்த்தால் நாலரைக் கிலோவுக்குக் குறைந்தது அபூர்வம், ஐந்தைத் தாண்டியதும் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் கிப்சனே இதை உணர்ந்து, மேப்பிளுக்குக் கீழே மஹோகனியில் ஒன்பது ஓட்டைகள் துளைக்கத் தொடங்கியது. 2006 தொடக்கம் சில வருடங்கள் உடலைக் குடைந்து அறை அறையாகவே செய்தார்கள். ஆகவே பழைய கிப்சனின் பாரம் அதன் சத்தத்துக்காக யாரோ திட்டமிட்டு வைத்ததில்லை. பாரம் கூடினால் சத்தம் நீண்டு நிற்கும் என்று சொல்லித் தோள் நோவைத் தாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெருமையாகக் காட்டுகிற ஒலிப்பதிவுகளில் பாதி, அந்த நாலு கிலோக் கிற்றார்களில் வாசித்தவை.

உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஆட்கள் படத்தைப் பார்த்துத் தேடுகிறார்கள். கறுப்பு உடல், கழுத்தருகே ஒரு பக்கம் மட்டும் வெட்டு, பொன் நிறம். அதே உருவத்தைத் தேடினால் அதே பாரம்தான் வரும். கிப்சனுக்குச் சொந்தமான எபிபோன் பெயரில் வருகிற லெஸ் போல் ஸ்டாண்டர்ட் நல்ல கிற்றார், விலையும் கைக்கு எட்டும், ஆனால் நாலு கிலோவுக்குக் கிட்ட நிற்கும். மலிவு கிடைத்தது, இலேசு கிடைக்கவில்லை. உடல் குடைந்த கிப்சன் இலேசு, ஆனால் மலிவில்லை. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் உருவத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை? என் கணக்கில் மூன்று.

முதலாவது கம்பியின் நீளம், அதாவது தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்குகிற நட்டுக்கும் உடலில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜுக்கும் இடைத்தூரம். கிப்சனில் அது 24¾ அங்குலம். மற்றப் பெரிய கிற்றார் நிறுவனமான ஃபெண்டரில் 25½. முக்கால் அங்குலம் சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் அதே தடிப்பான கம்பியை அதே சுருதிக்கு ஏற்றும்போது ஃபெண்டர் நீளத்தில் இழுவிசை ஏறத்தாழ ஆறு வீதம் கூடுகிறது. கமகம் மாதிரிக் கம்பியை வளைத்து வாசிக்கிற எங்களுக்கு அந்த ஆறு வீதம் விரல் நுனியில் தெரியும். தென்னிந்தியப் பாட்டுகளின் நெளிவுகளைக் கம்பி வளைத்து எடுக்கிற கை, முப்பது வருடம் ஒரே நீளத்தில் பழகியிருந்தால், புது நீளத்தில் சுருதி கொஞ்சம் குறைந்தே நிற்கும். பழகலாம். ஆனால் பழக நாளாகும்.

இரண்டாவது பிக்கப், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள். ஹம்பக்கர் என்ற வகையை 1955இல் கிப்சனுக்காக வடிவமைத்தவர் சேத் லவர். இரண்டு சுருளை எதிரெதிராக வைத்து மின் இரைச்சலைக் கொல்கிற ஏற்பாடு. 1957 தொடக்கம் லெஸ் போலில் அது வந்தது. எழுபதுகளின் கிப்சனில் இருப்பதை 'டி-டொப்' என்பார்கள், சுருளின் பிளாஸ்டிக்கில் டி எழுத்து அச்சாகியிருப்பதால். அல்னிகோ காந்தம், எதிர்ப்பு ஏழரைக் கிலோஓம் அளவு. இன்றைய கணக்கில் அது மிதமான பிக்கப். கடையில் 'விண்டேஜ் சத்தம்' என்று கேட்டால் பத்துப் பதினைந்து கிலோஓம் சுற்றிய உரத்த பிக்கப்பைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது வேறு சாமான்.

இதோடு ஒட்டி இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. எழுபதுகளில் கிப்சன் பல கிற்றார்களில் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு 300 கிலோஓம், டோனுக்கு 100 கிலோஓம் போட்டது. இன்று வழமையானது 500. எதிர்ப்பு குறையக் குறைய மேல் ஒலிகள் மங்கும். அதனால்தான் எழுபதுகளின் லெஸ் போலோடு பழகின காதுக்குப் புதுக் கிற்றார் எல்லாம் கீச்சென்று கேட்கிறது. "புதுசில் அந்த வெதுவெதுப்பு இல்லை" என்கிறவர்களில் பலருக்கு மருந்து, டோன் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்குவதுதான். மரத்தைக் குறை சொல்ல முதல் அதைச் செய்து பாருங்கள்.

மூன்றாவது கழுத்தின் பருமன். இதற்கு எண் சொல்லிப் பயனில்லை, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கட்டாயம் இரு கிற்றாரையும் ஒரே நாளில் பிடியுங்கள். ஞாபகத்தை வைத்து ஒப்பிட்டால் ஞாபகம் எப்போதும் பழைய கிற்றாருக்குத்தான் வாக்குப்போடும்.

இந்த மூன்றையும் தவிர மற்றவை, மேப்பிள் மேற்பலகை, ஓரத்து வெள்ளைப் பட்டி, கழுத்தில் விரல் வைக்கிற எபொனிப் பலகையான ஃபிங்கர்போர்ட், எல்லாம் கண்ணுக்கு. கொஞ்சம் காதுக்கும் இருக்கலாம், ஆனால் மண்டபத்தில் ட்ரம்ஸ், கீபோர்ட், தவில் நடுவே அது எங்கே கேட்கும்? எங்கள் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிற தம்பியைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி இரண்டு கிற்றாரிலும் ஒரே வரியை வாசித்துக் காட்டினேன். "அண்ணை, முதலாவதுதான் உங்கட பழசு" என்றான். முதலாவது எழுநூறு டொலர்க் கிற்றார். நீங்களும் செய்யுங்கள்: ஒரே அம்ப், ஒரே அளவு சத்தம், கைபேசியில் பதிந்து இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். எது எது என்று எழுதி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நிறுத்துப் பார்ப்பது

பயணப்பெட்டி நிறுக்கிற கைத்தராசு ஒன்று வாங்குங்கள், பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். தோள்வாரில் கொழுவித் தூக்கினால் போதும். கிற்றார் பார்க்கப் போகும்போது அது சட்டைப்பையில் இருக்கட்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். ஒரே மொடலில், ஒரே வருடத்தில், இரண்டு கிற்றாருக்கு இடையில் அரைக் கிலோ வித்தியாசம் சாதாரணமாக இருக்கும், ஏனென்றால் மரம் மரமாக அடர்த்தி மாறும். அதனால் 'இந்த மொடல் இலேசு' என்ற பேச்சை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடர் பண்ணாதீர்கள்.

இணையத்தில் வாங்குவதென்றால் இரண்டு பொறி இருக்கிறது. சில கடைகள் போடுகிற 'எடை' பெட்டியோடு சேர்ந்த அஞ்சல் எடை. அமெரிக்கக் கடைகள் சில ஒவ்வொரு கிற்றாரையும் தனித்தனியே நிறுத்துப் போடுகின்றன, அது நல்ல பழக்கம். ஆனால் அவர்கள் எழுதுவது பவுண்டும் அவுன்சும். 7 பவுண்டு 6 அவுன்ஸ் என்றால் 7.6 பவுண்டு இல்லை, பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். கிலோவில் அது 3.35. தனியாள் விற்கிறார் என்றால் குளியலறைத் தராசில் கிற்றாரோடும் கிற்றார் இல்லாமலும் ஏறி நிற்கச் சொல்லி இரண்டு படம் கேளுங்கள். உண்மையாக விற்கிறவர் அனுப்புவார்.

என் எல்லை 3.4 கிலோ. அதற்கு மேல் போனால் பழையதை விட்டு மாறுகிற பிரயோசனம் குறைகிறது. உங்கள் பழசு நாலு கிலோ மட்டும் என்றால் எல்லையை இன்னும் இறக்குங்கள், ஒரு கிலோ வித்தியாசமாவது இருந்தால்தான் மூன்றாவது மணித்தியாலத்தில் தெரியும்.

எவற்றைப் பார்க்கலாம்

முதல் இடம் எஸ்ஜிக்கு. 1961இல் லெஸ் போல் விற்பனை குறைந்தபோது கிப்சன் அதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கொண்டுவந்த கிற்றார் இது. 1963வரை இதன் பெயரும் லெஸ் போல்தான். மேப்பிள் மேற்பலகை கிடையாது, உடல் முழுக்க மஹோகனி, தடிப்பு ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் மட்டும். அதே 24¾ அங்குலம், அதே இரண்டு ஹம்பக்கர், அதே நாலு குமிழ். பாரம் மூன்று கிலோவைச் சுற்றி. எங்கள் மூன்று நிபந்தனையும் ஒரேயடியாக நிறைவேறுகிறது. 1957இலிருந்து கிப்சனுக்குச் சொந்தமான எபிபோன் பெயரில் இதை வாங்கினால் புதிதே ஆயிரம் டொலருக்குள் அடங்கும். 2020இல் எபிபோன் தன் வரிசையைப் புதுப்பித்தது. அதற்குப் பின் வந்தவற்றில் உள்ளே இருக்கிற மின்பாகங்கள் முந்தியதைவிடத் தரம், ஆகவே பழசாக வாங்கினாலும் அதற்குப் பிந்தியதைத் தேடுங்கள்.

எஸ்ஜியின் வில்லங்கம் தலைச்சாய்வு. உடல் மெல்லிசு, கழுத்து நீட்டு. கையை விட்டால் தலைப்பக்கம் தரையைப் பார்க்கும். அதை இடது கை தாங்கத் தொடங்கினால் தோளில் இறக்கிவைத்த பாரம் மணிக்கட்டில் ஏறும். வாங்க முதல் வாரைப் போட்டு நின்று இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். மெல்லச் சாய்ந்தால் பரவாயில்லை, உள்பக்கம் சொரசொரப்பான பதனிடாத தோல் வார் பிடித்து நிறுத்தும். சடாரென்று விழுந்தால் அந்தக் கிற்றார் வேண்டாம், இன்னொன்றைப் பாருங்கள். வார் மாட்டுகிற ஆணியை வேறு இடத்துக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. புதிதாகத் துளைக்கிற வேலை என்பதால் திருத்துகிறவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. இன்னொன்று: எஸ்ஜியில் கழுத்து இடது பக்கம் தள்ளி நிற்கிற மாதிரித் தெரியும், முதல் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கை கூட நீள வேண்டும். முதல் கிழமை தவறான ஃபிரெட்டில் விரல் விழும். பிறகு சரியாகிவிடும்.

இரண்டாவது, லெஸ் போல் ஸ்பெஷல், ஜூனியர் வகை. மேப்பிள் இல்லாத தட்டையான மஹோகனிப் பலகை, உருவம் மட்டும் லெஸ் போல். மூன்றரைக் கிலோவுக்குக் கீழே தேடினால் கிடைக்கும், தலைச்சாய்வும் பெரிதாக இல்லை. ஆனால் இதில் இருப்பது பி-90, ஒற்றைச் சுருள் பிக்கப். சத்தம் அழகு, நான் அதற்கு அடிமை. ஆனால் கலியாண மண்டபத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போட்டால் இரையும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த இரைச்சல் ஒலிவாங்கியைவிட உரக்கக் கேட்கும். பெயரிலும் கவனம்: எபிபோனில் 'ஸ்பெஷல்' என்ற பெயரில் கழுத்தை ஒட்டிய மஹோகனிக் கிற்றாரும் இருக்கிறது, கழுத்தைத் திருகாணியால் பூட்டிய, தொடக்ககாரருக்கான மலிவு ரகமும் இருக்கிறது. பின்பக்கத்தைப் பார்த்தால் நாலு திருகாணி காட்டிக்கொடுக்கும்.

பாதி வெறுமை உடல் உள்ளவற்றில் இஎஸ்-339 எனக்குப் பிடித்தது. 2007இல் கிப்சன் கொண்டுவந்த சிறிய உடல், எபிபோனிலும் உண்டு. நடுவில் மரக்கட்டை ஓடுவதால் மேடையில் ஊளையிடாது. இதன் அண்ணன்மாதிரி இருக்கிற கசீனோவுக்கு அந்த நடுக்கட்டை இல்லை. 1961இல் வந்த கிற்றார், பீற்றில்ஸ் மூவர் வாங்கி வாசித்தது, இரண்டே முக்கால் கிலோ அளவில் சொர்க்கம். வீட்டில் வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய இதைவிட வேறு வேண்டாம். ஆனால் உரத்த மேடையில் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினால் ஊளையிடும். எங்கள் மேடைகளில் ஸ்பீக்கர் இல்லாத பக்கம் எது?

யமஹா ரெவ்ஸ்டார் 2015இல் வந்து, 2022இல் உடலைக் குடைந்து திருத்திச் செய்யப்பட்டது. கிப்சன் நீளம், மஹோகனி, வேலைப்பாடு அப்பழுக்கில்லை. பல மூன்றரைக் கிலோவைத் தாண்டுகின்றன என்பதால்தான் எஸ்ஜிக்குப் பின்னால் வைத்தேன், தராசோடு போய்த் தேடினால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். தலைச்சாய்வு அறவே இல்லாதது இதன் பெரிய பலம். நாரி நோவைவிட மணிக்கட்டு நோ உள்ளவர்கள் இதையே முதலில் பாருங்கள்.

ஃபெண்டர் நீளம் பரவாயில்லை என்கிறவர்களுக்கு யமஹா பசிஃபிக்கா 112 இருக்கிறது. பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர், ஐந்நூறு டொலரைச் சுற்றி விலை. கம்பியை ஒரு படி மெல்லிசாக, தடிப்பு இலக்கம் பத்திலிருந்து ஒன்பதரைக்கு மாற்றினால் விரலுக்கு வித்தியாசம் குறையும். இபானெஸ் எஸ் வகை மெல்லிய மஹோகனி, அழகான சாமான், ஆனால் பலவற்றில் கம்பிகளின் இழுவையில் மிதந்து நிற்கிற பிரிட்ஜ் இருக்கும். கம்பி அறுந்தால் மேடையில் சோலி. டேனலெக்ட்ரோ உடலின் மேலும் கீழும் அமுக்கிய மரத்தூள் தட்டுதான், இலேசோ இலேசு, தனிச் சத்தம். லெஸ் போல் சத்தம் கேட்கிறவருக்கு உரியதில்லை. தலையில்லாத ஸ்டைன்பெர்கர் வகைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை, என் வீட்டில் அதை மேடைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

வாங்கும்போது

லோங் அண்ட் மக்குவேட் மாதிரி வாடகைக்குக் கொடுக்கிற கடை கனடாவில் இருப்பது எங்களுக்குப் பெரிய வாய்ப்பு. கடைக்குள் கதிரையில் இருந்து பத்து நிமிடம் வாசித்தால் எந்தக் கிற்றாரும் இலேசுதான். வாடகைக்கு எடுத்து ஒரு முழு நிகழ்ச்சி நின்று வாசியுங்கள். தோள் சொல்லுகிறதைக் கேட்டுவிட்டு, அதே மொடலைப் பழசாகத் தேடுங்கள்.

பழசு வாங்கும்போது முதலில் தலைப்பக்கத்தின் பின்பகுதியைப் பாருங்கள். கிப்சன் வகைக் கிற்றார்களின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் விழுந்தால் உடைகிற இடம் அது. நட்டுக்குப் பின்னால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று தடவியும் பாருங்கள். நன்றாக ஒட்டியது வாசிப்புக்குப் பழுதில்லை, ஆனால் விலை பாதியாக வேண்டும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அமுக்கி வாசியுங்கள், கம்பி ஃபிரெட்டில் உரசி இரைகிற சத்தம் எங்கே வருகிறது என்று. குமிழ்களைச் சுற்றுங்கள். கரகரத்தால் துப்புரவு செய்யலாம், பெரிய விஷயமில்லை. கிப்சன் என்று பெயர் போட்டு ஆயிரம் டொலருக்கு வந்தால் தலையில் இருக்கிற சிறு மூடியைப் பாருங்கள். கிப்சனில் இரண்டு திருகாணி, போலிகள் பலவற்றில் மூன்று.

அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் ஒன்ராறியோவில் பதின்மூன்று வீத வரியையும் அனுப்புகிற நிறுவனத்தின் கட்டணத்தையும் முதலே கூட்டிவிடுங்கள். ரோஸ்வூட் ஃபிங்கர்போர்ட் என்றால் எல்லையில் பத்திரம் வேண்டுமா என்று சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். 2017இல் அப்படி ஒரு கட்டுப்பாடு வந்தது உண்மை. 2019 நவம்பரில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். கிற்றார்களில் வருவது பெரும்பாலும் இந்திய ரோஸ்வூட், தென்னிந்தியக் காட்டு ஈட்டி மரம், அதற்குச் சிக்கலில்லை. அறுபதுகளின் நடுவுக்கு முந்திய கிற்றார்களில் வரும் பிரேசில் ரோஸ்வூட் மட்டும் இன்னும் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

வாங்கிய பிறகு

மிச்சக் காசைப் பிக்கப்பில் போட முதல் செட்டப்பில் போடுங்கள். கழுத்து வளைவு, கம்பி உயரம், நட்டுப் பள்ளம் மூன்றையும் ஒரு நல்ல திருத்துநர் சரிசெய்தால் அறுநூறு டொலர்க் கிற்றார் ஆயிரத்து ஐந்நூறு மாதிரி நடக்கும். நட்டுப் பள்ளம் முக்கியம், மலிவுக் கிற்றார்களில் அது ஒடுங்கலாக இருப்பதால்தான் சுருதி நிற்பதில்லை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற டியூனரைக் குறை சொல்லி மாற்றுகிறவர்கள் அதிகம்.

அப்படியும் சத்தம் திருப்தியில்லை என்றால் பிக்கப். அல்னிகோ, ஏழரை முதல் எட்டுக் கிலோஓம் என்று கேளுங்கள். சீமோர் டங்கனின் '59 அந்த வட்டத்தில் வரும், பழசாகவும் கிடைக்கும். கழுத்துப் பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள் முதலில், பலருக்கு அதுவே போதும். உடலில் கம்பியின் முனையைக் கொழுவுகிற டெயில்பீஸை அலுமினியமாக மாற்றினால் கொஞ்சக் கிராம் குறையும், ஆனால் தோளுக்குத் தெரிகிற அளவில்லை. டியூனரை இலேசானதாக மாற்றுவது மட்டும் எஸ்ஜியில் பிரயோசனம், தலைப்பக்கம் குறைகிற ஒவ்வொரு கிராமும் சாய்வைக் குறைக்கும்.

பழையதை என்ன செய்வது? நான் விற்கவில்லை, ஒலிப்பதிவுக்கு வைத்திருக்கிறேன். விற்கிறவர்கள் எதையும் மாற்றாமல், மினுக்காமல் விற்கவும். அதில் இருந்த பிக்கப்பைக் கழற்றிப் புதுக் கிற்றாரில் போடலாமே என்ற யோசனை வரும், வேண்டாம். அசல் பிக்கப் இல்லாத எழுபதுகளின் கிப்சனுக்கு நல்ல விலை கிடைக்காது. வருடத்தை உறுதிசெய்ய 1977க்குப் பிந்தியவற்றில் எட்டு இலக்கத் தொடர் எண் இருக்கும், முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருடம். என்னுடையதில் முதலாவது 7, ஐந்தாவது 8. நடுவில் இருக்கிற மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பின்மூடியைத் திறந்தால் குமிழ்களின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருக்கலாம். அது அந்தக் குமிழ்ப் பாகத்தைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, அடுத்த நாலும் வருடமும் வாரமும். இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து, கைத்தராசில் தொங்குகிற படத்தையும் சேர்த்துப் போடுங்கள். எடையை மறைத்து விற்றால் வாங்கினவர் கிழமைக்குள் திருப்பிக் கொண்டுவருவார்.